தவறு செய்தவருக்கும் விசாரணை உண்டு

கொச்சித் துறைமுகத் தொழிலாளர் வரலாற்றில் 'சாப்பா' என்றொரு சொல் உண்டு. முத்திரை, அடையாளக் குறி என்ற பொருளில் தமிழிலும் வழங்கிய சொல்தான் அது. மட்டாஞ்சேரியில் அது ஓர் உலோக வில்லையைக் குறித்தது. கப்பல் வந்தவுடன் வேலை கேட்டுப் பெருங்கூட்டம் திரளும். ஒப்பந்தக்காரரின் ஆளான மூப்பன் கையிலுள்ள வில்லைகளைக் கூட்டத்தின்மீது எறிவார். ஒருவரையொருவர் மிதித்து முண்டியடித்து வில்லையைக் கைப்பற்றியவருக்கு அன்றைய வேலை, மற்றவருக்குப் பட்டினி. இந்த முறையை ஒழிக்கப் போராடிய தொழிலாளர்மீது 1953 செப்டம்பர் 15 அன்று திருவிதாங்கூர்-கொச்சி அரசின் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி, ஆண்டனி ஆகிய மூன்று தோழர்கள் அந்தப் போராட்டத்தில் உயிரீந்தனர். ராஜீவ் ரவி இயக்கி 2023-இல் வெளிவந்த 'துறமுகம்' என்ற மலையாளத் திரைப்படம் இந்த வரலாற்றைப் புதிய தலைமுறைக்குக் கொண்டு சென்றது.

அந்த முறையின் கொடுமையை எண்ணும்போது வில்லைக்காக மனிதர்கள் மண்ணில் புரண்ட காட்சியே முன்னால் வருகிறது. அதன் சட்டத் தன்மையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சாப்பா முறையில் எவரையும் பணிநீக்கம் செய்யத் தேவையே இருந்ததில்லை. சங்கம் பேசியவரையோ, கூலியைக் கேள்வி கேட்டவரையோ, மூப்பனுக்குப் பங்கு தர மறுத்தவரையோ நீக்க வேண்டுமென்றால், மறுநாள் வில்லையை வேறு திசையில் எறிந்தால் போதும். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, உத்தரவு இல்லை. வேலை என்ற ஒன்றே அவருக்கு உரியதாக இல்லாதபோது, அதைப் பறித்ததாக யார்மீது வழக்குத் தொடுப்பது?

எனவே மட்டாஞ்சேரித் தியாகிகள் கேட்டது கூலி உயர்வை மட்டுமன்று. வேலை தொழிலாளிக்கு உரியது. அதை எடுப்பதென்றால் காரணம் சொல்லி எடு என்பதே அந்தப் போராட்டத்தின் சாரம். 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் (வேலைவாய்ப்பு ஒழுங்குமுறை) சட்டத்தின்கீழ் 1959-இல் கொச்சிக்கென ஒரு திட்டம் வந்தது. தொழிலாளர் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. குறைந்தபட்ச ஊதிய உத்தரவாதம் வந்தது. வேலையில்லாத நாளில் வந்து நின்றமைக்கும் ஒரு தொகை வந்தது. ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதற்குமுன் காரணம் காட்ட வாய்ப்பும், எடுத்தபின் மேல்முறையீடும் வந்தன. இந்தக் கடைசி உரிமையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

எஜமானன்–வேலையாள் சட்டம்

ஆங்கிலேயர் விட்டுச்சென்ற ஒப்பந்தச் சட்டத்தின்படி முதலாளியும் தொழிலாளியும் சமமான இரு தரப்பினர். முன்னறிவிப்புக் காலத்துக்குரிய ஊதியத்தைக் கொடுத்துவிட்டால் எவரையும் வெளியேற்றலாம். நீக்கம் முறைகேடானது என்று நீதிமன்றம் கண்டாலும் நட்ட ஈடு மட்டுமே கிடைக்கும்; வேலை திரும்பக் கிடைக்காது. அமெரிக்காவில் இன்றும் பெரும்பாலான மாநிலங்களில், தொழிற்சங்க ஒப்பந்தத்தின் காப்பு இல்லாத தொழிலாளியை எந்தக் காரணமும் சொல்லாமலே நீக்க முடியும். பாகுபாடு, பழிவாங்கல் போன்ற சில காரணங்களை மட்டுமே அங்குள்ள சட்டங்கள் தடுக்கின்றன. 1987-இல் தனிச் சட்டம் இயற்றிய மொன்டானா மாநிலம் அங்கே விதிவிலக்கு.

இந்தியாவில் இந்த எஜமானத்துவத்தைத் தொழிலாளி வர்க்கம் படிப்படியாக உடைத்தது. 1946-ஆம் ஆண்டின் தொழில் வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம், எவையெவை தவறான நடத்தை என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், நீக்கப்பட்டவரை மீண்டும் பணியமர்த்த ஆணையிடும் வழியைத் திறந்தது. ஆயினும் 1958-இல் இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம் ஓர் எல்லை வகுத்தது. நல்லெண்ணமின்மை, பழிவாங்கல் அல்லது நியாயமற்ற தொழில் நடைமுறை, அடிப்படைப் பிழை அல்லது இயற்கை நீதி மீறல், சான்றுகளுக்கு முற்றிலும் ஒவ்வாத முடிவு ஆகிய நான்கு நிலைகளில் மட்டுமே தீர்ப்பாயம் நிர்வாகத்தின் முடிவில் தலையிடலாம் என்றது. தண்டனை எவ்வளவு கடுமையானது என்ற கேள்வி பெரும்பாலும் முதலாளியின் விருப்பத்துக்கே விடப்பட்டது.

அந்த எல்லையைத் தகர்த்தது 1971-இல் சேர்க்கப்பட்ட 11-ஏ பிரிவு. சான்றுகளைத் தானே மறுபடி எடைபோடவும், தண்டனை மிகையானது என்றால் குறைக்கவும் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் அளித்தது. அதற்குமுன் 1965-இல் வந்த 2-ஏ பிரிவு, சங்கம் எடுத்து நடத்தாவிட்டாலும் ஒரு தனித் தொழிலாளியின் பணிநீக்கம் தொழில் தகராறே என்று அறிவித்தது. 1982-ஆம் ஆண்டின் திருத்தங்கள், இடைநீக்கக் காலத்தில் முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியமும் அதன்பின் முக்கால் ஊதியமும் பிழைப்பூதியமாக உண்டு என்றன. மீண்டும் பணியமர்த்தும் தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் உயர்நீதிமன்றம் போனால், வழக்கு முடியும்வரை, வேறு வேலையில் இல்லாத தொழிலாளிக்குக் கடைசியாகப் பெற்ற முழு ஊதியத்தையும் தர வேண்டும் என்றன. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னே வேலைநிறுத்தங்களும் சிறைவாசங்களும் உண்டு.

திருடனுக்கும் சங்கமா?

இங்கே ஒரு கேள்வி எழும். எதிரிகள் கேட்பது ஒருபுறமிருக்க, நம் தோழர்களே தயக்கத்துடன் கேட்பதுண்டு. சங்கப் பணிக்காகப் பழிவாங்கப்பட்டவரைக் காப்பது சரி. குடித்துவிட்டு வேலைக்கு வந்தவரையும், மேலாளரைத் திட்டியவரையும், இரவுப் பணியில் உறங்கியவரையும், பொருளை எடுத்துச் சென்றவரையும் சங்கம் ஏன் காக்க வேண்டும்?

முதல் விடை, குற்றம் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்பது விசாரித்தால்தான் தெரியும் என்பது. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், கோவலனை அழைத்துக் கேட்கவில்லை. குறிப்பாணை இல்லை, விளக்கம் இல்லை, சான்று இல்லை. தண்டனை மட்டுமே இருந்தது. கண்ணகி அவைக்கு வந்து கேட்டது, கணவன் உயிரோடிருந்தபோது நடந்திருக்க வேண்டிய விசாரணையைத்தான். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்பது ஒரு சான்று. உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்கு அரசன் காத்திராததால் ஒரு நகரமே எரிந்தது. கோவலன் குற்றமற்றவன் என்பது நமக்குத் தெரியும்; தண்டனை விதித்த நொடியில் அரசனுக்குத் தெரியாது. விசாரணை உரிமை குற்றமற்றவருக்கு மட்டும் என்று வைத்தால், அந்த உரிமை எவருக்கும் கிடைக்காது.

இரண்டாவது விடை, 'ஒழுங்கீனம்' என்பது முதலாளியின் கையிலுள்ள மிக வசதியான பெயர் என்பது. சங்கம் அமைத்தார் என்று எழுதி எந்த நிர்வாகமும் எவரையும் நீக்குவதில்லை. கீழ்ப்படியாமை, உற்பத்திக்கு இடையூறு, அனுமதியின்றி இடம்விட்டு அகன்றமை என்றே எழுதுகிறது. திருப்பெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, 2025 ஜனவரியில் தொழிலாளர் தம் சங்கத்தைப் பதிவு செய்தனர். அடுத்த மாதமே சங்கப் பொறுப்பாளர்கள் மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். நிர்வாகம் சொன்ன காரணம் ஒழுங்குமீறல். சாதாரணத் தொழிலாளியின் சின்னஞ்சிறு தவற்றுக்கு விசாரணையின்றி வேலை பறிபோவதை நாம் ஏற்றுக்கொண்டால், சங்கத் தலைவரின்மீது அதே ஆயுதம் திரும்பும்போது தடுக்க நம்மிடம் சொல் இருக்காது.

மூன்றாவது விடை, தவறு மெய்ப்பிக்கப்பட்டாலும் தண்டனை அதற்கு ஈடாக இருக்க வேண்டும் என்பது. பணிநீக்கத்தைத் தொழிலாளர் இயக்கம் பொருளாதார மரண தண்டனை என்று அழைப்பது வெறும் அணி அன்று. மாதிரி நிலையாணைகளே, தண்டனை விதிக்குமுன் தவற்றின் கடுமையையும், முந்தைய பணிப்பதிவையும், தணிக்கும் சூழல்களையும் கருத வேண்டும் என்கின்றன. இருபது ஆண்டுப் பணியில் ஒரு நாள் வாய் தவறியவருக்கும், ஆலைப் பணத்தைத் திட்டமிட்டுக் கையாடியவருக்கும் ஒரே தண்டனை என்றால் அது நீதியாகாது.

ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பணியிடத்தில் பெண் தோழரைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாக்கியவர்மீது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ளகக் குழு விசாரித்துக் குற்றத்தை உறுதி செய்தால், அவருக்காகச் சங்கம் கொடி பிடிக்கக் கூடாது. அவருக்கும் விளக்கம் சொல்லும் வாய்ப்பு இருந்ததா என்று பார்ப்பது கடமை; அவர் செய்ததைச் சிறிதாக்குவது துரோகம். விசாரணை உரிமையைக் காப்பதையும் செய்கையைக் காப்பதையும் ஒன்றாகக் குழப்பும் சங்கம், தன் பெண் உறுப்பினர்களின் நம்பிக்கையை இழக்கும்.

சட்டம் ஒன்று, காலம் வேறு

11-ஏ பிரிவின் சொற்கள் மாறவில்லை. ஆனால் நீதிமன்றங்களின் பார்வை மாறியது. 1982-இல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில், 14 ஆண்டுகள் மாசற்ற பணி செய்த ஒருவர் அதிகாரியிடம் தகாத சொல் பேசினார் என்பதற்காக நீக்கப்பட்டதை உச்சநீதிமன்றம் மிகையான தண்டனை என்று கூறி, ஊதிய உயர்வு நிறுத்தமாகக் குறைத்தது. 1984-இல் டெல்டன் கேபிள் வழக்கிலும் அவ்வாறே தகாத சொல்லுக்கான பணிநீக்கத்தை ரத்து செய்தது. கிளாக்ஸோ வழக்கில், நிலையாணைகளில் பட்டியலிடப்படாத ஒன்றைத் தவறான நடத்தை என்று நிர்வாகம் பின்னர் கண்டுபிடித்துத் தண்டிக்க முடியாது என்றது.

2005-இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா வழக்கு வந்தது. குற்றச்சாட்டு அதே வகையானது: மேலதிகாரியைத் தகாத சொற்களால் ஏசியமை. இம்முறை உச்சநீதிமன்றம் பணிநீக்கம் சரியே என்றது. அதே ஆண்டு பாரத் ஃபோர்ஜ் வழக்கில், 1983-இல் வேலை நேரத்தில் உறங்கிய ஓர் உதவியாளரின் பணிநீக்கமும் உறுதி செய்யப்பட்டது. அவர் முன்பே மும்முறை தண்டிக்கப்பட்டவர் என்பது உண்மை. அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. ஆனால் ஒரு பகல் உறக்கத்துக்கான வழக்கு முடிய ஏறத்தாழ 22 ஆண்டுகள் ஆயின என்பதும் உண்மை. அவ்வளவு காலம் நிறுவனம் காத்திருக்கும். தொழிலாளியின் குடும்பம் காத்திருக்க முடியுமா?

இந்த இரு காலங்களுக்கும் இடையில் நிகழ்ந்தது 1991. நவதாராளமயம் நாடாளுமன்றத்தில் தொழிலாளர் சட்டங்களை மாற்றுவதற்கு முன்பே, நீதிமன்றங்களின் சொல்லாட்சியில் புகுந்துவிட்டது. தொழிலாளியின் வாழ்வுரிமை பற்றிப் பேசிய இடத்தில் ஆலை ஒழுங்கும் உற்பத்தித் திறனும் முன்னுக்கு வந்தன. 2013-இல் தீபாலி குண்டு சுர்வசே வழக்கில், முறைகேடாக நீக்கப்பட்டவருக்குப் பணித் தொடர்ச்சியும் முழுப் பின்னூதியமுமே இயல்பான நிவாரணம் என்று உச்சநீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது உண்மை. ஆனால் நீதிபதியின் மனப்போக்கை நம்பி வாழும் உரிமை பாதி உரிமையே.

மொழியும் ஒரு சாட்சி

மொழிபெயர்ப்பு என் தொழில். ஆங்கிலக் குறிப்பாணையை எடுத்துக்கொண்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வரும் தமிழ்த் தொழிலாளர் கொச்சியில் இன்றும் உண்டு. 'மிஸ்காண்டக்ட்' என்ற சட்டச் சொல்லை நாம் 'ஒழுங்கீனம்' என்று பெயர்த்து வருகிறோம். ஆங்கிலத்தில் அது ஒரு விதிமீறல். தமிழில் ஒழுக்கம் என்பது உயிரினும் மேலானதாகப் போற்றப்பட்ட சொல். அதன் குறைவைச் சுட்டும் சொல் ஒரு மனிதரின் முழு நடத்தையின்மீதும் கறை பூசுகிறது. அந்தச் சொல்லைக் கண்டதும் பல தொழிலாளர் குற்றச்சாட்டின் விவரத்தைப் பார்ப்பதில்லை. ஊரார் முன் தலைகுனிவு என்றே எண்ணுகின்றனர். இந்த வெட்கத்தை நிர்வாகம் நன்கு அறியும். 'விசாரணை வந்தால் பெயர் கெடும், விலகல் கடிதம் கொடுத்துவிடு' என்று கனிவாகச் சொல்கிறது. கையெழுத்து விழுந்ததும் கதை முடிகிறது: அவர் நீக்கப்படவில்லை, தாமாக விலகினார். 'தவறான நடத்தை' என்ற சொல்லே பொருத்தமானது. அது ஒரு செயலைக் குறிக்கிறது, ஆளைக் குறிப்பதில்லை. நம் சங்கச் சுற்றறிக்கைகளிலாவது இனி அதையே வழங்கலாம்.

நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் ஆலை வாயிலில் எழுதி வைக்க வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நல்ல விதிதான். ஆனால் கொச்சியில் வேலை செய்யும் தமிழரும், வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோரும் பெரும்பான்மையினர் அல்லர். திருப்பூரிலும் சென்னையிலும் உள்ள பீகார்த் தொழிலாளருக்கும் இதே நிலைதான். புரியாத மொழியில் நடக்கும் விசாரணையில் அமர்ந்து, புரியாத தாளில் கையெழுத்திடுபவருக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டது என்று எந்த நியாயத்தின்படி சொல்வது? தன் மொழியில் குறிப்பாணையும் மொழிபெயர்ப்பாளரின் துணையும் ஒவ்வொரு தொழிலாளியின் உரிமையாக வேண்டும்.

திரும்பி வரும் வில்லை

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய பா.ஜ.க. அரசு நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் பணிநீக்க வழக்குகளை ஒழித்துவிடவில்லை. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்குத் தொடர்கிறது; இடைநீக்க விசாரணையைச் சாதாரணமாக 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அரசின் ஆதரவாளர்கள் இவற்றைத்தான் எடுத்துக்காட்டுவர். சூழ்ச்சி வேறிடத்தில் இருக்கிறது.

முன்பு 100 தொழிலாளர் உள்ள நிறுவனத்துக்கு நிலையாணைகள் கட்டாயம், இப்போது 300. எது தவறான நடத்தை என்று எழுதிவைக்க வேண்டிய கடமையிலிருந்து ஏராளமான ஆலைகள் விடுபடுகின்றன. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பும் 100-இலிருந்து 300 ஆகிறது. நீக்கப்பட்டவர் தகராறு எழுப்பும் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகச் சுருங்குகிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்புக் கட்டாயம் எல்லாத் தொழில்களுக்கும் வருகிறது. தொழிலாளரில் பாதிப்பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே என்கிறது. சட்டவிரோத வேலைநிறுத்தம் தவறான நடத்தை ஆகையால், தவறான நடத்தையின் பட்டியல் இவ்வழியே நீள்கிறது.

எல்லாவற்றினும் கேடானது குறித்த காலப் பணி. ஆறு மாதமோ ஓராண்டோ ஒப்பந்தம், முடிந்தால் வெளியே. அது ஆட்குறைப்பு ஆகாது என்று தொகுப்புச் சட்டத்தின் வரையறையே சொல்கிறது. பணிக்கொடை முதலிய சில பயன்களைக் காட்டி இதை நல்லதென்கின்றனர். ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட ஒரு காரணமும் சொல்ல வேண்டியதில்லை என்றால், கேள்வி கேட்கும் தொழிலாளிக்குக் குறிப்பாணை எதற்கு, விசாரணை எதற்கு?

உணவும் பொருளும் கொண்டு சேர்க்கும் இளைஞர்களின் நிலை இன்னும் ஒரு படி கீழே. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 'கிக்' தொழிலாளரை முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வைத்தே வரையறுக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் புகார் எழுதினால் செல்பேசியில் கணக்கு முடக்கப்படுகிறது. வேலை பறிபோனது, ஆனால் சட்டத்தின் கண்ணில் பணிநீக்கம் நிகழவில்லை. போராட்டங்களின் விளைவாகக் கர்நாடகம் 2025-இல் இயற்றிய சட்டம், எழுத்துப்பூர்வக் காரணத்துடன் 14 நாள் முன்னறிவிப்பு தராமல் இவர்களை நீக்கக் கூடாது என்றது. சிறு படிதான், ஆனால் காரணம் சொல் என்ற அந்தப் பழைய கோரிக்கை மீண்டும் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. மட்டாஞ்சேரியில் மூப்பன் எறிந்த வில்லை உலோகத்தாலானது. இன்றைய வில்லை செல்பேசித் திரையில் ஒளிர்கிறது.

செய்ய வேண்டியவை

தொகுப்புச் சட்டங்களைத் திரும்பப் பெறும் போராட்டம் நாடு தழுவியது, அது தொடரும். அதனோடு, ஒவ்வொரு ஆலையிலும் கிளையிலும் இன்றே செய்யக்கூடிய வேலைகள் உண்டு. நீதிமன்றத்தில் தோற்கும் வழக்குகள் பல உள்விசாரணை அறையிலேயே தோற்றுவிடுகின்றன. 'எப்படியும் நீக்கத்தான் போகிறார்கள்' என்று குறிப்பாணைக்கு விடை எழுதாமல் விடுவதும், விசாரணையைப் புறக்கணிப்பதும் வீரம் போலத் தோன்றும். பின்னர் அவையே நிர்வாகத்தின் சான்றாகும்.

குறிப்பாணை வந்தவுடன் தொழிலாளி முதலில் வர வேண்டிய இடம் சங்க அலுவலகம். உரிய கெடுவுக்குள் எழுத்தில் விடை தர வேண்டும். குற்றச்சாட்டுக்கு அடிப்படையான ஆவணங்களின் படிகளையும் சாட்சிகளின் பெயர்களையும் எழுதிக் கேட்க வேண்டும். சக தொழிலாளியோ சங்கப் பொறுப்பாளரோ துணைக்கு அமர்வதற்கான உரிமையைப் பயன்படுத்த வேண்டும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். புரியாத தாளில் கையெழுத்திடக் கூடாது. இட்டே தீர வேண்டுமெனில் 'படித்துக் காட்டப்படவில்லை' என்று தன் மொழியில் எழுதி இட வேண்டும். எந்த நெருக்கடியிலும் அன்றைக்கே விலகல் கடிதம் தரக் கூடாது. பிழைப்பூதியம் வராவிட்டால் அதையும் உடனே எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். இவற்றைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளை ஒவ்வொரு சங்கமும், புலம்பெயர்ந்த தொழிலாளரின் மொழிகளிலும் சேர்த்து, நடத்த வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளியும் குறித்த காலத் தொழிலாளியும் இந்த வகுப்பறையில் இடம்பெற வேண்டும். நிரந்தரத் தொழிலாளியின் குறிப்பாணைக்காக மட்டும் வாயிற்கூட்டம் போட்டு, ஒப்பந்தம் முடிந்ததென்று வெளியேறும் இளைஞரைக் கண்டுகொள்ளாத சங்கம், நாளை வாயிற்கூட்டத்துக்கு ஆளின்றி நிற்கும். இருவருக்கும் பொதுவான முழக்கம் ஒன்றே: காரணம் சொல், சான்று காட்டு, என் சொல்லையும் கேள், அதன்பின் முடிவெடு. தொழிலாளி எப்போதும் சரியாகவே நடப்பார் என்று நாம் எவருக்கும் உறுதியளிக்கவில்லை. தவறும் மனிதரையும் மனிதராக நடத்து என்கிறோம். சைதும் சைதலவியும் ஆண்டனியும் உயிர்கொடுத்துப் பெற்றுத்தந்த அந்த உரிமையை, கால ஒப்பந்தத் தாளுக்கும் செல்பேசித் திரைக்கும் நாம் விட்டுக்கொடுக்க முடியாது.